பயணப்படிப் பேனா

தேவாலாவில் அன்று மூன்றாம் நாள் மழை.
தோட்டத் தொழிலாளர் கல்யாண மண்டபம்.
மேடையில் இன்னும் தெர்மாகோல் எழுத்தில்
யாரோ ஒரு சுஜின், யாரோ ஒரு தர்ஷிகா,
நடுவில் ஓர் இதயம்.
அதற்குக் கீழே எங்கள் பேனர்:
தொற்றுக்காலக் கூட்டுப் பயிற்சி.

சீருடைப்படி அமர்ந்தோம்.
வெள்ளைகள் மின்விசிறிக்குக் கீழே,
காக்கிகள் கதவோரம்,
காட்டுப்பச்சை இருவர் சுவரில் சாய்ந்து.
தூய்மைப் பணியாளர்கள்
நாற்காலி இருந்தும் நின்றார்கள்,
யாராவது உட்காரச் சொல்லும்வரை.
யாரும் சொல்லவில்லை.
நான் கால்நடை ஆய்வாளன்.
பந்திப் பாத்திரங்கள் அடுக்கிய மூலையில் ஒதுங்கினேன்.
"பன்னிக்காரரையும் கூப்பிட்டாங்களா?"
சுகாதார ஆய்வாளர் ஜெபதாஸ் கேட்டார்.
சிரித்துவைத்தேன்.

நாடுகாணி தாண்டிச் சுரம் இறங்கினால் வரும் ஊரில்
வௌவால் காய்ச்சல் என்று
செய்தி வந்து ஒன்பது நாள்.
ரம்புட்டானைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஷிபுதான் நோயாளி.
பாயில் படுத்தார்.
கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடியை
அவர் சட்டையெல்லாம் தூவினார்
கோவையிலிருந்து வந்த பயிற்சியாளர்.
டாக்டர் நிஷா நாடி பிடித்தார்.
எல்சம்மா ஊசி தேடினார்.
எஸ்.ஐ. தங்கையன் கூட்டத்தை விலக்கினார்,
கூட்டமே இல்லை.
பன்னிரண்டு நிமிடம்.
பிறகு ஷிபு ஒரு கண்ணைத் திறந்தார்.
"ஞான் மரிச்சிட்டு பத்து மினிட்டாயி சாரே.
என்றெ பேரு ஆரும் சோதிச்சில்லா."

சிரித்தோம். சிரிப்பு பாதியில் நின்றது.
உன் வீட்டுப் பின்னால் பன்றி ஏதும் செத்ததா
என்று கேட்க வேண்டியவன் நான்.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
நானும் வாய் திறக்கவில்லை.
அது என் கணக்கில்.

கவசம் கழற்றி, டீ குடித்து,
பயணப்படிக்குக் கையெழுத்துப் போட்டோம்.
பதிவேட்டில் நூல் கட்டிய பேனா ஒன்றே ஒன்று.
கிலோமீட்டரைக் கூட்டிப் பார்க்கையில்
அதைக் கடித்துக்கொண்டேன். அரசாங்கப் பழக்கம்.

ஜன்னல்களை அடைத்தார்கள்.
பயிற்சியாளர் ஊதா விளக்கைப் பிடித்தார்.
டாக்டரின் மணிக்கட்டு மின்னியது.
சரி, எதிர்பார்த்ததுதான்.
தங்கையனின் மீசை மின்னியது.
என் கீழுதடு, காதுமடல்.
ஷிபுவை நான் தொடவே இல்லையே!
வனக்காவலர் கெம்பனும் தொடவில்லை,
அவர் கட்டைவிரலிலும் நீலம்.

கெம்பன் விளக்கைக் கேட்டு வாங்கினார்.
தடம் பார்ப்பது அவர் வேலை.
குனிந்தபடியே நடந்தார்:
நாற்காலி முதுகு, டீ கிளாஸ், மேசை விளிம்பு.
பதிவேட்டருகே நின்றார்.
நூலில் தொங்கிய பேனா
மின்மினி மாதிரி ஒளிர்ந்தது.

எங்கள் எல்லோருக்கும் பொதுவாக
அந்தக் கட்டிடத்தில் இருந்தது
அது ஒன்றுதான்.

"சொல்லலாமா?"
பாக்கியவதியின் குரல், பின்னாலிருந்து.
"கையுறை கழட்டறப்ப டாக்டரம்மா
வெளிப்பக்கத்தத் தொட்டாங்க. பாத்தேன்."
ஏன் அப்போதே சொல்லவில்லை
என்று ஒருவரும் கேட்கவில்லை.
எல்லோருக்கும் தெரியும்.

மதியம் ஒரே ஒரு சொல்லைப் பழகினோம்.
தமிழுக்கும் மலையாளத்துக்கும் ஒத்துப்போகிற சொல்.
பாக்கியவதி ஆரம்பித்தார்:
"கொஞ்சம் நில்லுங்க டாக்டரம்மா."
"நீளம்," என்றார் பயிற்சியாளர்.
"அதுக்குள்ள தொட்டிருப்பாங்க."
"நில்லுங்க."
"இன்னும்."
நான்காம் முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு
"நில்!" என்றார்.
டாக்டர் அப்படியே நின்றார்,
கை பாதி உறைக்குள், பாதி வெளியே.
சமையற்கட்டில் கரண்டிச் சத்தமும் நின்றது.
தங்கையன் விறைத்து நின்றுவிட்டு
யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார்.

ஜீப்புக்குக் காத்திருக்கையில்
ஆறு எண்களை போனில் ஏற்றினேன்.
முதலில் பெயர் கேட்க வேண்டியிருந்தது.
கெம்பனை 'தடம்' என்று சேர்த்து எழுதினேன்.
ஜெபதாஸ் என்னை எப்படிப் பதிந்தார் என்று
காட்ட மறுத்துவிட்டார்.

பந்தலூர் வீட்டில் காதுமடலை
இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
அப்புறம் இன்னொரு தரம்.
போய்விட்டதா என்று பார்க்க
வீட்டில் அந்த விளக்கு இல்லை.